ஜார்ஜ்டவுன் கடைவீட்டு உத்திரம்: கிண்ணம் கடையலாமா, விறகாக்கிவிடலாமா?

ஜெலுத்தோங் தம்பி

வணக்கம். கடைசலுக்கு நான் புதுசு. பாயான் லெப்பாசில் ஷிப்டு வேலை, ஓய்வு நாளில் வீட்டுப் பின்புறம் ஒரு சின்ன லேத். இதுவரை கடைந்தது நாலைந்து பம்பரம், ஒரு பூரிக்கட்டை. பூரிக்கட்டை அம்மா கையில் தினமும் ஓடுகிறது, அதனால் அதைத் தேறியதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் லெபு கிங் பக்கம் ஒரு பழைய கடைவீட்டைச் செப்பனிடும்போது உத்திரம் ஒன்றைக் கழற்றி வெளியே போட்டிருந்தார்கள். 6க்கு 8 அங்குலம், 5 அடி நீளம். கான்ட்ராக்டர் 40 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார், 30க்கு முடிந்தது. கூடவே ஒரு நிலைச் சட்டத் துண்டும் சும்மா கொடுத்தார். உத்திரத்தை நானும் மச்சானும் சேர்ந்துதான் காரில் ஏற்ற முடிந்தது, அவ்வளவு கனம்.

8 அங்குலத்துக்கு வட்டமாக அறுத்து, ஃபேஸ்பிளேட்டில் (லேத்தின் வட்டத் தகடு) திருகி, நிமிஷத்துக்கு 1500 சுற்றில் விட்டேன். கௌஜ் (குழிவான கடைசல் உளி) இரண்டே நிமிஷத்தில் மழுங்குகிறது. ஒரு தடவை பொறி பறந்தது. மரத்தில் அங்கங்கே கறுப்பு வட்டமாகக் கறை. நடுவிலிருந்து ஒரு வெடிப்பு விளிம்பு வரை ஓடுகிறது. நிலைச் சட்டத்தில் ஊசி குத்தினது போல நூறு ஓட்டை இருக்கிறது, வண்டு அரித்ததா என்று பயமாக இருக்கிறது.

இது கிண்ணமாகுமா? இல்லை, சாத்தே சுடுகிறவரிடம் கொடுத்துவிடலாமா?

பிறை மாதிரிக்காரர்

தம்பி, முதலில் லேத்தை நிறுத்து. மரத்தை அப்புறம் பார்க்கலாம்.

8 அங்குலம், 1500 சுற்று என்கிறாய். விட்டத்தை அங்குலத்தில் எடுத்துச் சுற்றோடு பெருக்கு. 12,000 வருகிறது. கடைசல்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு 6,000-லிருந்து 9,000-க்குள். உன் கட்டைக்கு 750-லிருந்து 1,100 வரை. அதுவும் கட்டை வட்டமாகி, அதிர்வு அடங்கிய பிறகு. இன்னும் கோணல் இருக்கும்போது 500-க்கு மேல் போகாதே. வெடிப்பு விளிம்பைத் தொட்டுவிட்டது என்று வேறு எழுதியிருக்கிறாய். அது இரண்டாகப் பிளந்து பறந்தால் உன் முகத்துக்கும் அதற்கும் நடுவில் என்ன இருக்கிறது? மூக்குக் கண்ணாடி என்று மட்டும் சொல்லாதே.

பிறையில் ஒரு வார்ப்பாலையில் 31 வருஷம் மாதிரிக் கட்டை கடைந்தவன் நான். இரும்பை உருக்கி ஊற்றும் முன் மணலில் பதிக்க மரத்தில் ஒரு மாதிரி வேண்டும், அதைச் செய்யும் வேலை. என் இடது புருவத்தில் ஒரு தையல் இருக்கிறது. நானும் உன் வயதில் கணக்குப் போடாதவன்தான்.

பொறி பறந்தது ஆணியில். கறுப்பு வட்டமும் அதே ஆணியின் வேலைதான். கறை இருக்கும் இடத்தில் மேலே ஆணித் தலை தெரியாவிட்டாலும் உள்ளே முறிந்த ஆணி உட்கார்ந்திருக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி, நூலில் கட்டி, மரத்தின் மேல் மெல்ல நகர்த்திப் பார். இழுக்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடு.

இன்றைக்கு ஒரே ஒரு வேலை செய். உத்திரத்தின் சுருளைக் கொஞ்சம் டம்ளர் தண்ணீரில் ஊறப் போட்டு, காலையில் நிறத்தைச் சொல். அப்புறம் குறுக்கு வெட்டில் உளியால் வழவழவென்று ஒரு சீவல் எடுத்து லென்சில் பார். துளைகளுக்குள் மஞ்சள் பொடி அடைத்தது போலத் தெரிகிறதா?

சும்மா வந்தேன்

30 வெள்ளி மரம், 1500 வெள்ளி லேத், உளி தனி. பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) கிண்ணம் 5 வெள்ளி லா.

தோட்டத்துக்காரி

‘சும்மா வந்தேன்’ தம்பிக்கு: மீன் கடையில் கிடைக்கும்போது தூண்டில் போடுகிறவனைக் கேட்டுப் பாருங்கள்.

ஜெலுத்தோங் தம்பி

அண்ணே, லேத்தை நிறுத்திவிட்டேன். ஃபேஸ் ஷீல்டு ஆர்டர் போட்டாயிற்று.

டம்ளர் தண்ணீர் காலையில் கோப்பி ஓ (பால் விடாத காப்பி) மாதிரி இருந்தது. அம்மா குடிக்கப் போனார், நல்ல வேளை தடுத்தேன். லென்சில் மஞ்சள் பொடி தெரிகிறது, கந்தகம் போல. காந்தம் நாலு இடத்தில் இழுத்தது. மூன்று ஆணியைப் பிடுங்கிவிட்டேன். சதுரத் தண்டு, கையால் அடித்த ஆணி போலிருக்கிறது. நாலாவது வர மறுக்கிறது.

பிறை மாதிரிக்காரர்

மெர்பாவ். இனி சந்தேகமில்லை. 2019-ல் நாட்டு மரமாக அறிவித்தார்களே, அதே மரம். மஞ்சள் பொடியும் கோப்பித் தண்ணீரும் அதன் கையெழுத்து.

நிலைச் சட்டம் செங்கால் (நம் நாட்டுக் கெட்டி மரம்) ஆக இருக்கும். அறுத்த புது முகம் மஞ்சளாக இருந்து, நாள்பட்டால் அடர் பழுப்பாகிறதா பார். ஊசி ஓட்டைக்குப் பயப்படாதே. அது மரம் பச்சையாக இருந்த காலத்தில் பூச்சி போட்டது. மரம் காய்ந்ததும் அந்தப் பூச்சிக்கு அங்கே பிழைப்பில்லை. செங்காலில் ஊசி ஓட்டை சகஜம். ஓட்டையிலிருந்து மாவு போலத் தூள் கொட்டினால்தான் கவலைப்படணும்.

வெடிப்புக்குக் காரணம் நடுச்சோறு. உத்திரத்தை மரத்தின் நடுவை உள்ளே வைத்தே அறுத்திருக்கிறார்கள். பாரம் தாங்க அது போதும், கிண்ணத்துக்கு ஆகாது. மரம் காயும்போது வளைய வாக்கில் சுருங்குவது, ஆர வாக்கில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுச்சோறு உள்ளே இருந்தால் அந்த இழுபறிக்குப் போக்கிடம் இல்லை, பிளந்துதான் தீரும். உத்திரத்தை நீளவாக்கில் அறுத்து, நடுவில் ஒரு அங்குலப் பட்டையைக் கழித்துவிடு. இரு பக்கமும் வைரம் பாய்ந்த கட்டை மிஞ்சும். கிண்ணம் சின்னதாகும், ஆனால் நிற்கும்.

நாலாவது ஆணி இருக்கும் பக்கத்தைத் தள்ளிவை. அந்தத் துண்டில் ஆசை வைக்காதே.

கெமிஸ்ட்ரி வாத்தியார்

கறுப்புக் கறை பற்றி ஒரு வார்த்தை. மெர்பாவில் டானின் (துவர்ப்புச் சத்து) அதிகம். இரும்பும் ஈரமும் அதோடு சேர்ந்தால் கறுப்பு. நம் ஊரில் கடுக்காயும் அன்னபேதியும் (இரும்பு உப்பு) சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேதிவினை. அந்த உத்திரம் இத்தனை வருஷமாக ஆணியைச் சுற்றி மை காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறது.

ஈரச் சுருளை லேத்தின் இரும்புப் படுக்கையில் ராத்திரி முழுக்க விட்டுவைக்காதீர்கள். காலையில் இரும்பிலும் கறை, மரத்திலும் கறை. ஆக்ஸாலிக் அமிலம் போட்டால் கறை போகும். ஆனால் அது விஷம், சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். கறையை அப்படியே விடுங்கள், அதுதான் அந்த மரத்தின் பிறப்புச் சான்றிதழ்.

சென்தூல் ஸ்லீப்பர்

கேஎல்லிலிருந்து வணக்கம். தாத்தா சென்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். வீட்டுத் தோட்டத்தில் இன்னும் ஏழெட்டு பழைய ரயில் கட்டை கிடக்கிறது. அதிலும் கிண்ணம் கடையலாம்தானே? கல் மாதிரி இருக்கிறது, கரையான் தொடவே இல்லை.

தோட்டத்துக்காரி

கரையான் தொடவில்லை என்றால் ஏன் தொடவில்லை என்று கேட்டுவிட்டுத்தான் நாம் தொடணும் அண்ணே. சில மரத்துக்கு இயற்கையிலேயே அந்த வலு உண்டு, செங்கால் அப்படி. கெம்பாஸ் மாதிரி மரத்தில் செய்த ஸ்லீப்பர் கட்டைக்குக் கிரியோசோட் (தார் எண்ணெய்) ஏற்றியிருப்பார்கள். அறுக்கும்போது தார் வாடை அடித்தால், உள்ளே கறுப்பாக ஊறியிருந்தால், கடையவே வேண்டாம். தூள் மூச்சில் போகும், கையில் படும். வெயிலில் இன்னும் மோசம். எரிக்கவும் கூடாது. பூச்செடிக்கு ஓரக்கட்டையாக எங்கே கிடக்கிறதோ அங்கேயே கிடக்கட்டும்.

பச்சை சாயல் அடிக்கும் பழைய பலகையும் அதே கதை, அதில் செம்பும் ஆர்சனிக்கும் ஏற்றியிருக்கலாம். பழைய கடைவீட்டு ஜன்னல் கதவில் ஏழெட்டு அடுக்கு பெயிண்ட் இருக்கும், அடியில் இருப்பது ஈயப் பெயிண்டாக இருக்கலாம். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், வீட்டில் குழந்தை இருந்தால் சொல்லவே வேண்டாம்.

நான் பட்டது இன்னொன்று. இரண்டு வருஷத்துக்கு முன் யாரோ தூக்கிப் போட்ட பழைய அலமாரியின் கால் கிடைத்தது. சிவப்பில் கறுப்புக் கோடு, அப்படியொரு அழகு. கடைந்தேன். மறுநாள் காலை கண் திறக்கவில்லை. இமை இரண்டும் பணியாரம் மாதிரி. கை முழுக்கக் கொப்புளம். கிளினிக்கில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அது ரெங்காஸ் மரம் என்று பிறகுதான் தெரிந்தது. மா, முந்திரி, நம் சேங்கொட்டை எல்லாம் அதே குடும்பம். சேங்கொட்டைப் பால் பட்டால் என்ன ஆகும் என்று பாட்டி சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சிவப்பும் கறுப்புக் கோடும் பார்த்தால் இப்போதெல்லாம் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

சென்தூல் ஸ்லீப்பர்

முகர்ந்து பார்த்தேன். தார் வாடைதான். ரோஜாச் செடிக்கே விட்டுவிட்டேன். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ள முடியவில்லை.

ஜெலுத்தோங் தம்பி

ஒரு வாரம் கழித்து வருகிறேன். உத்திரத்தைப் பிளந்து, நடுச்சோறு கழித்து, ஆறரை அங்குல வட்டம் ஒன்று எடுத்தேன். 1,000 சுற்று. வெளிப்பக்கம் ஓரளவு வந்துவிட்டது. உள்பக்கம்தான் சிக்கல். உளி திடீரென்று கடித்து இழுக்கிறது. ஒரு தடவை கிண்ணமே சக்கிலிருந்து (கட்டையைக் கவ்வும் பிடி) கழன்று சுவரில் மோதியது. ஷீல்டு போட்டிருந்தேன் அண்ணே, சத்தியமாக.

பிறை மாதிரிக்காரர்

ஷீல்டு போட்டதற்கு நன்றி, இனி பேசலாம்.

கடிப்பது உளியின் தப்பில்லை. நீ வெட்டு முனையை முதலில் மரத்தில் வைக்கிறாய். வரிசை இப்படி: உளியை டூல் ரெஸ்டில் (உளி தாங்கும் கட்டை) அழுத்தி நிறுத்து. சாணை பிடித்த சரிவின் அடிப்பாகம் மரத்தை உரசட்டும், வெட்டாமல் வெறுமனே உரசட்டும். அப்புறம் கைப்பிடியை மெல்ல நகர்த்து. சரிவு உரசிக்கொண்டே இருக்க, முனை தானாக வெட்ட ஆரம்பிக்கும். தோசைக் கரண்டியைக் கல்லில் படுக்க வைத்துத்தானே தள்ளுகிறோம், நிமிர்த்திக் குத்துவதில்லையே.

திசையும் முக்கியம். வெளிப்பக்கம் அடியிலிருந்து விளிம்புக்கு. உள்பக்கம் விளிம்பிலிருந்து நடுவுக்கு. மாற்றினால் நார் நிமிர்ந்து பிய்யும்.

சக் கழன்றதற்குக் காரணம் அடியில் நீ விட்ட குமிழ். அதன் நுனி சக்கின் அடியைத் தொடக்கூடாது, தோள் மட்டும் சக்கின் தாடையில் உட்காரணும். நுனிக்கும் சக்கின் அடிக்கும் நடுவே ஒரு காகிதம் போகும் அளவு சந்து இருக்கிறதா பார். உள்ளே குடையும்போது முடிந்த மட்டும் டெயில்ஸ்டாக்கை (லேத்தின் எதிர்முனைத் தாங்கி) முட்டுக் கொடுத்தே வை.

உளி மழுங்குவது மெர்பாவில் சகஜம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சாணைக்குப் போ. சோம்பல்பட்டு அழுத்தினாயோ, மறுபடி சுவர்தான்.

கெமிஸ்ட்ரி வாத்தியார்

கொஞ்சம் தடம் மாறுகிறேன், மன்னிக்கவும். டம்ளர் தண்ணீர் என்றதும் ஞாபகம் வந்தது. சாலையோரம் நிற்கும் அங்சானா மரம் விழுந்து வெட்டும்போது ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள் (கேட்டு வாங்குங்கள், நகராண்மை மரம் அது). வைரம் பாய்ந்த பகுதியின் சுருளைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு, கறுப்புத் துணியின் முன்னால் வெயிலில் வையுங்கள். தண்ணீரின் ஓரம் நீலமாக ஒளிரும். சாயம் இல்லை, அது உடனொளிர்வு. ஒரு காலத்தில் இந்த மரத்தில் கடைந்த கோப்பையை, நீலத் தண்ணீருக்காகவே ஐரோப்பிய மன்னர்களுக்குப் பரிசளித்தார்கள். நம் வேங்கைக்கு அங்சானா நெருங்கிய உறவு. மருந்து மகிமை பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நான் வேதியியல் வாத்தியார் மட்டுமே. வகுப்பில் இதைக் காட்டினால் பின் பெஞ்சுக்காரனும் எழுந்து வருவான்.

சும்மா வந்தேன்

எங்கள் பிளாட் கீழே ஒரு தூங்குமூஞ்சி மரத்துக் கிளை போன மழையில் முறிந்து கிடக்கிறது. அதுவும் ஆகுமா? சும்மாதான் கேட்கிறேன்.

தோட்டத்துக்காரி

ஆகும். வந்துவிட்டீர்களா வழிக்கு? மலாய்க்காரர்கள் அதை புக்குல் லீமா என்பார்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு இலை மூடுகிறதாம். நமக்கு அது தூங்குமூஞ்சி. இருவரும் அதைத் தூங்கும்போதுதான் பார்த்திருக்கிறோம். மாஸ்க் போட்டுக் கடையுங்கள், தூள் மிளகுப் பொடி மாதிரி தும்மல் வரும்.

பச்சை மரம் என்றால் ஒரே மூச்சில் முடிக்காதீர்கள். முதலில் முரட்டுக் கடைசல். சுவர் கனம் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, 10 அங்குலக் கிண்ணத்துக்கு ஒரு அங்குலம். வெட்டு முகம் தெரியும் பக்கமெல்லாம் மெழுகு பூசி, காகிதப் பையில் போட்டு நிழலில் வையுங்கள். காயும்போது நீள்வட்டமாகக் கோணும், கோணட்டும். காய்ந்த பிறகு மறுபடி லேத்தில் ஏற்றி வட்டமாக்குங்கள். அந்தக் கோணலைக் கழிக்கத்தான் கனமாக விடுகிறோம்.

நான் அதிகம் கடைவது பால்மரம், அதாவது ரப்பர் மரம். அம்மா 22 வருஷம் பால் வெட்டிய தோட்டத்தில் மறுநடவுக்கு மரங்களை விழுத்தியபோது போய் நின்றேன். 25, 30 வருஷத்தில் பால் குறைந்தால் மரத்துக்கு ஓய்வு, ஆளுக்கு அதுகூட இல்லை. விழுத்திய அன்றே வேலையை ஆரம்பிக்கணும். மரத்தில் மாவுச்சத்து அதிகம், இரண்டு மூன்று நாள் விட்டால் நீலப் பூஞ்சை ஏறிவிடும், அப்புறம் வண்டு. ஆலையில் போரான் ஏற்றுகிறார்கள். நான் முரட்டுக் கடைசல் முடித்ததும் போராக்ஸ் கரைசலில் முக்குகிறேன், அதனால் அந்தக் கிண்ணத்தை வெற்றிலை பாக்கு, பூ வைக்க மட்டும் கொடுப்பேன், சாப்பாட்டுக்கு இல்லை.

ஒரு கிண்ணத்தில் விளிம்புக்குக் கீழே பழுப்புக் கண் ஒன்று விழுந்தது, விரல் நுனி அளவு. அம்மாவிடம் காட்டினேன். கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கத்தி ஆழமாப் பட்ட காயம். இப்படி வெட்டினா மறுநாள் பெரட்டில் கங்காணி வாயைத் திறப்பார்" என்றார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது. நீங்கள் வெட்டியதா என்று கேட்டேன். "நானா? என் மரத்தில் காயமே இருக்காது" என்று கிண்ணத்தைத் திருப்பித் தந்துவிட்டார். வீட்டில் அது வேண்டாமாம்.

ஜெலுத்தோங் தம்பி

கிண்ணம் முடிந்தது! சுவர் கால் அங்குலம். ஆணி ஓட்டை ஒன்று விளிம்பில் இருந்தது, அதில் கோப்பித் தூளை அடைத்து சூப்பர் குளு விட்டேன். எண்ணெய் என்ன போடலாம்? அம்மா தேங்காய் எண்ணெய் போதும் என்கிறார்.

பிறை மாதிரிக்காரர்

தேங்காய் எண்ணெய் காயாது. துடைக்கத் துடைக்கப் பிசுக்கு, நாள்பட்டால் வாடை. நல்லெண்ணெயும் அரைகுறைதான். காய்ந்து இறுகும் எண்ணெய் என்றால் ஆளி விதை எண்ணெய், இல்லாவிட்டால் டங் எண்ணெய். சீன மரக்கலக் கட்டுமானத்தில் டங் எண்ணெயில் சுண்ணாம்பும் நாரும் குழைத்துப் பலகைச் சந்தில் அடைப்பார்கள். ஆங்கிலத்தில் அந்தக் கலவைக்குச் சுனாம் என்று பேர், நம் சுண்ணாம்புதான் அப்படிப் போயிருக்கிறது.

மெல்லிசாகப் பூசு, அரை மணியில் துடை, இரண்டு நாள் விட்டு மறுபடி. மூன்று தடவை போதும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே. ஆளி எண்ணெய்த் துணி காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப் போடு, இல்லாவிட்டால் தண்ணீர் வாளியில் அமுக்கு. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பட்டறையின் குப்பை டின் ஒரு ஞாயிற்றுக்கிழமை புகைந்ததைப் பார்த்தவன்.

ஜெலுத்தோங் தம்பி

மூன்று வாரம் கழித்து, இரண்டு கெட்ட செய்தி.

ஒன்று: இரண்டாவதாகக் கடைந்த மெர்பாவ் கிண்ணத்தை ஆபீசில் சூப்பர்வைசருக்குக் கொடுத்தேன். நாள் முழுக்க ஏர்கான் ஓடும் அறை. பத்து நாளில் விளிம்பில் முடி போல வெடிப்பு. எண்பது, தொண்ணூறு வருஷம் காய்ந்த மரம் அண்ணே இது!

இரண்டு: அம்மா முதல் கிண்ணத்தில் கல்லுப்பு போட்டு வைத்தார். போன வாரம் நாலு நாள் விடாத மழை. உப்பு கசிந்து, அடியில் இருந்தது முழுக்கத் தேநீர் நிறமாகிவிட்டது. ரசத்துக்கு எடுத்துப் போட்டபோதுதான் பார்த்தார். எனக்கு என்ன கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தோட்டத்துக்காரி

எத்தனை வருஷம் காய்ந்தாலும் மரம் இருக்கும் இடத்துக் காற்றோடுதான் ஒத்துப்போகும். பினாங்குக் காற்றில் காய்ந்தது பினாங்குக் காற்றுக்குத்தான் காய்ந்தது. ஏர்கான் அறைக்குள் போனால் அதற்கு மறுபடி கோடைகாலம். ஏர்கான் அறைக்குக் கொடுப்பதாக இருந்தால், கடைவதற்கு முன் கட்டையை அந்த மாதிரி அறையில் ஒரு மாதம் வைத்து எடுங்கள். நான் படுக்கையறை அலமாரி மேல் வைக்கிறேன். வீட்டுக்காரர் தலைக்கு மேல் மரக்கடை என்று திட்டுகிறார், திட்டட்டும்.

பிறை மாதிரிக்காரர்

உப்பு விஷயத்தில் தப்பு என்னுடையது. கோப்பித் தண்ணீரைப் பார்த்த அன்றே சொல்லியிருக்கணும். மெர்பாவ் ஈரம் பட்டால் நிறம் விடும். எண்ணெய் கொஞ்சம் தாமதப்படுத்தும், நிறுத்தாது. அதில் சாவியைப் போடு, சில்லறையைப் போடு.

எங்கள் அம்மா உப்பு வைத்திருந்த கிண்ணத்தை மரவை என்பார். ஊரிலிருந்து வந்த பெட்டியில் இருந்தது, பலா மரம், கடைசல் வேலை. 50 வருஷம் உப்பு தின்றும் பிளக்கவில்லை. விளிம்பு மட்டும் கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. உப்புக்குப் பலா தேடு. பாலிக் பூலாவ் பக்கம் பழத்தோட்டத்தில் கேட்டால் காய்க்காத மரத்தை வெட்டும்போது ஒரு துண்டு கொடுப்பார்கள்.

ஜெலுத்தோங் தம்பி

கிடைத்தது. பாலிக் பூலாவில் ஒரு தோட்டக்காரர் சும்மாவே கொடுத்தார். பதிலுக்கு ஒரு பூரிக்கட்டை கடைந்து தரச் சொன்னார். பச்சை மரம், அறுத்த முகம் மஞ்சள் கிழங்கு மாதிரி. கத்தியில் பிசின் ஒட்டுகிறது. முரட்டுக் கடைசல் முடித்து மெழுகு பூசி அலமாரி மேல் ஏற்றிவிட்டேன். இன்று சமையல் தராசில் 1,640 கிராம்.

பிறை மாதிரிக்காரர்

பென்சிலால் தேதியும் எடையும் அதன் அடியிலேயே எழுது. இனி தராசு சொல்லும், நானில்லை.

ஜெலுத்தோங் தம்பி

ஒரு மாதம். 1,370.

சும்மா வந்தேன்

தூங்குமூஞ்சியில் எனக்கு 2,205. ஒரு பக்கம் கோணிவிட்டது. லேத் இரண்டாம் கை, யாரும் கேட்காதீர்கள்.

ஜெலுத்தோங் தம்பி

மூன்றாம் மாதம். 1,145. அம்மா உப்பை இன்னும் ஐஸ்கிரீம் டப்பாவில்தான் வைத்திருக்கிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் டப்பாவைத் தட்டிக் காட்டுகிறார்.

ஜெலுத்தோங் தம்பி

1,110. போன வாரமும் 1,110. அதற்கு முந்தின வாரமும்.

பிறை மாதிரிக்காரர்

லேத்தில் ஏற்று. ஆறரை அங்குலம் இல்லையே இது, சுற்றைக் கணக்குப் போட்டுவிட்டு.